நடுக்குளிர் நாளின் பீப்பாய்

– ஒரு சொட்டுகூட வரல, மார்னி. குழாயத் திறந்தா ஸ்ஸ்னு ஒரு பெருமூச்சு. அதோட சரி.

– பெருமூச்சு விட்டது யாரு? நீயா, பீப்பாயா?

– ரெண்டு பேரும்தான். கேலி பண்ணாத. இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல எல்லாரும் நடுக்குளிர் நாள் விருந்துக்கு உக்காந்துடுவாங்க. பதினெட்டு பேரு. ரெண்டு மாசமா இந்தப் பீரச் சொல்லிச் சொல்லியே எல்லார் நாக்கையும் ஊற வெச்சிருக்கேன்.

– சரி சரி, பதறாத. பேசி முடிச்சதும் கொஞ்சம் நிறுத்து. உன் குரல் அண்டார்டிகாவுலேருந்து சாட்டிலைட்டுக்கு ஏறி, இங்க ஹோபார்ட்டுக்கு இறங்க அரை நொடி ஆகுது. நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா ரெண்டு பேர் பேச்சும் நடு வானத்துல முட்டிக்கும்.

– நிறுத்திட்டேன்.

– நிறுத்திட்டேன்னு சொல்ல வேணாம் நெவ். நிறுத்தினாப் போதும்.

– ம்.

– சிரிப்பா வருது எனக்கு. முப்பது வருஷமா குழாய் வேலை பாக்குற மனுஷன். கண்ணீர்கூட உறையிற ஆராய்ச்சி நிலையத்துல பதினெட்டு பேருக்குத் தண்ணி ஓட வைக்கிற பிளம்பர். ஒரு பீப்பாய்லேருந்து பீர் எடுக்கத் தெரியாம பொண்டாட்டிக்குப் போன் பண்றார்.

– தண்ணிக் குழாய் எனக்கு அடங்கும். பீர் உன் சமாச்சாரம். நம்ம ஷெட்ல நீ காய்ச்சுவ, நான் குடிப்பேன். அதுதானே ஏற்பாடு? இங்க வந்துதான் முதல் தடவையா நானே காய்ச்சினேன். நீ எழுதி அனுப்பின தாள பாத்துப் பாத்து, ஒரு வரி விடாம.

– ஒரு வரி விடாமயா?

– ஒரு வரி விடாம.

– பாப்போம். முதல்ல கேஸ். பீர வெளிய தள்ற கேஸ் சிலிண்டர் திறந்திருக்கா?

– திறந்திருக்கு.

– நெனப்புல சொல்லாத. கைய வெச்சுத் திருப்பிப் பாத்துச் சொல்லு.

– இரு… திருப்பிப் பாத்துட்டேன். முழுசாத் திறந்துதான் இருக்கு. ரெகுலேட்டர் முள்ளு பன்னெண்டுல நிக்குது.

– நல்லது. பீப்பாய் தலையில ரெண்டு மூக்கு இருக்கும். கேஸ் குழாய் கேஸ் மூக்குலதான் மாட்டியிருக்கா? மாத்தி மாட்டித் தொலைச்சியா?

– என்ன பாத்தா அப்படியா தெரியுது உனக்கு?

– பத்தொம்பது மாசமா உன்ன எங்க பாத்தேன் நான்?

– அதாவது… சரியாத்தான் மாட்டியிருக்கேன். சாம்பல் நிறம் கேஸ், கறுப்பு பீர்.

– சரி, அடுத்தது. மூடியில ஒரு வளையம் இருக்கும் பாரு. லேசாத் தூக்கு.

– தூக்கறேன்… அட! புஸ்ஸுன்னு மூஞ்சில அடிக்குது.

– அப்ப உள்ள அழுத்தம் இருக்கு. கேஸ் மேல குத்தம் இல்ல. நெவ்? நெவ், கண்ணுல பட்டுச்சா?

– இல்ல.

– பின்ன என்ன?

– வாசம், மார்னி.

– என்ன வாசம்? புளிச்ச வாசமா? முட்டை நாத்தமா? ஒழுங்காச் சொல்லு.

– அதெல்லாம் இல்ல. நம்ம வேலி. மார்ச் மாசம் சாயங்காலம் அதுலேருந்து பீருக்குப் போடற ஹாப்ஸ் பூப் பறிச்சிட்டு உள்ள வருவியே, முழங்கை வரைக்கும் ஒரு பிசுபிசுப்போட, அந்த வாசம். இங்க எதுக்குமே வாசம் கிடையாது தெரியுமா? வெளிய போனா ஒண்ணுமே இல்ல. பனிக்கு வாசம் இல்ல, கல்லுக்கு இல்ல. உள்ள வந்தா டீசல், சாக்ஸ், அடுப்படியில கிளைவோட வெங்காயம். அதுக்கு நடுவுல இப்ப இது.

– வளையத்த விடு நெவ். கேஸ் எல்லாம் போகுது.

– இன்னும் ஒரே ஒரு தடவ.

– விடுன்னா விடு. ஊத்தறதுக்கு அழுத்தம் வேணும். பீப்பாய எங்க வெச்சுக் குளிர வெச்ச?

– வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவுல ஒரு நடை இருக்குல்ல, அங்க. ரெண்டே மணி நேரம்தான். மூணாவது மணிக்கு மறந்துட்டுத் தூங்கியிருந்தா இந்நேரம் பனிக்கட்டியத்தான் உளியால செதுக்கிக் குடுத்திருப்பேன்.

– ஆட்டிப் பாரு. தளும்புதா?

– கேளு, போன பக்கத்துல வெக்கிறேன்.

– தளும்புது. நல்லாக் கேக்குது. உறையல. அப்ப வழியிலதான் எங்கயோ அடைப்பு. பீர் பக்கத்து இணைப்பைக் கழட்டு. மூக்கு நடுவுல ஒரு சின்ன ஊசி தெரியும். ஸ்க்ரூ டிரைவரால அதக் கீழ அழுத்து. மூஞ்சியத் தள்ளி வெச்சுக்க.

– அழுத்தறேன். நுரைதான் துப்புது. ஒரு கரண்டி அளவுகூட இல்ல. அப்புறம்… இது என்ன?

– என்ன?

– பச்சையா ஒரு துணுக்கு.

– இதழ் மாதிரி இருக்கா?

– இதழ் மாதிரிதான்.

– நெவில்.

– முழுப் பேரச் சொல்லாத.

– நெவில், பூவத் துணிப்பையில போட்டுக் கட்டித்தானே பீர்ல எறக்கின? தாள்ல ஏழாவது வரி. கீழ ரெண்டு கோடு போட்டிருந்தேன். நெவில்?

– அரை நொடி ஆகும்னியே.

– இது அரை நொடி இல்ல. இதுக்குள்ள நான் ஒரு கேக்கு சுட்டு எடுத்திருப்பேன்.

– பையில போடல.

– ஏன்? பை வந்து சேரலியா? நவம்பர் கப்பல்ல அனுப்பின பெட்டியில ஈஸ்ட் டப்பாவுக்குக் கீழ, பூப் பொட்டலத்துக்கு மேல வெச்சிருந்தேனே. வெள்ளைத் துணி. நானே தெச்சது.

– வந்துச்சு.

– பின்ன?

– அத எதுல தெச்சேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

– என் பழைய தலையணை உறைய வெட்டி. அந்த நேரத்துல வீட்டுல வேற மெல்லிசுத் துணி இல்ல.

– துவைக்காமத் தெச்சிருக்க.

– எப்படியும் கொதிக்க வைக்கப் போறியேன்னுதான். ஐயோ, அது அசிங்கமாவா இருந்துச்சு?

– மார்னி. அதுல உன் தலை வாசம்.

– …

– இப்ப இது அரை நொடியா?

– இல்ல.

– கொதிக்க வைக்க மனசு வரல. தண்ணி கொதிச்சிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு தடவ பாத்திரத்துக்கு மேல கொண்டு போனேன். போட்டுட்டா அவ்வளவுதானே, கடையில வாங்கின துணி மாதிரி ஆயிடும். அதான் பூவ அப்படியே அள்ளிப் போட்டேன். மிதக்கத்தானே போகுதுன்னு நெனச்சேன்.

– ஊறினதும் அடியில போய் உக்காரும் நெவ். பீர் உறிஞ்சி எடுக்குற நீளக் குழாய் அடி வரைக்கும் போகுது. அதோட வாயில அத்தனை பூவும் சேந்து அடைச்சிக்கிட்டு இருக்கு. குடிக்கிற உறிஞ்சுகுழல்ல மாட்டின புளிச்சக்கை மாதிரி.

– இப்ப என்ன பண்றது?

– யண்ணே! எங்கண்ணே பீரு? ஆட்டுத்தொடை வெந்து எலும்ப விட்டு எறங்கிட்டு. இன்னும் நீங்க இந்தப் பீப்பாயக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிய!

– கத்தாத கிளைவ். போன்ல மார்னி.

– மதினியா? குடுங்க குடுங்க. மதினி, நல்லா இருக்கியளா? நாந்தான் சமையக்காரக் கிளைவு. நடுக்குளிர் நாள் வாழ்த்து மதினி!

– உனக்கும் வாழ்த்து கிளைவ். அதென்ன சரசரன்னு சத்தம்?

– கவுனு மதினி, நீலக் கவுனு. சாப்பாடு முடிஞ்சதும் நாடகம்லா? நாந்தான் இளவரசி. தாடிய எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்ப தாடி வெச்ச இளவரசின்னு கதையவே மாத்திட்டாவ.

– கிளைவ், போன அவர்கிட்ட குடு. நெவ், ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கவனமாக் கேளு. ரெண்டு வேலை. முதல்ல கேஸ அடை. வளையத்தத் தூக்கி மொத்தக் காத்தயும் வெளிய விடு. ஒரு ‘புஸ்’ மிச்சம் இருந்தாலும் மூக்குல கை வைக்காத, மண்டையில வந்து அடிக்கும். அப்புறம் ஸ்பேனர் போட்டு பீர் மூக்கக் கழட்டு. நீளக் குழாய மேல உருவு.

– இது என் பாஷை. இரு… கழண்டுடுச்சு. உருவறேன். அட கடவுளே.

– என்ன தெரியுது?

– அடியில ஒரு முஷ்டி அளவுக்குப் பச்சை. பறவைக் கூடு மாதிரி இருக்கு.

– அத வழிச்சு எடு. குழாயக் கழுவிட்டுக் கொதிக்கிற தண்ணியில போடு. ஆனா அப்படியே திரும்ப வெச்சா ரெண்டு தம்ளர் வரும், மறுபடி அடைச்சிக்கும். உள்ள இன்னும் பூ கெடக்கு. குழாய் வாய்க்கு ஒரு துணி கட்டணும். மெல்லிசுத் துணி.

– சரி.

– சரின்னா? அங்க என்ன துணி இருக்கு?

– கிளைவ், உன்கிட்ட வடிகட்டற துணி இருக்கா?

– இருந்துது. இப்ப விருந்துக்கு பிளம் பழப் புட்டு அதுக்குள்ளதாம்ணே வேவுது. வெளிய எடுத்தா பழமெல்லாம் கஞ்சி ஆயிரும்.

– கட்டுத்துணி? டாக்டர்கிட்ட கேக்கவா மார்னி?

– மருந்துல ஊறின துணியக் கொண்டு வந்து பீர்ல போடாத. கட்டுத்துணியில நூலு நூலாப் பிரியும் வேற.

– என் பனியன்?

– உன் பனியன் மணம் பதினெட்டு பேருக்கும் வேணுமா? நெவ், பை உன்கிட்ட இருக்கு. அதுக்குன்னே அளவெடுத்துத் தெச்சது.

– இருக்கு.

– போய் எடுத்துட்டு வா.

– வேற ஏதாவது…

– வேற ஏதும் இல்ல. பத்து நிமிஷம் கொதிக்கணும். நேரம் ஓடுது.

– அது போயிடும் மார்னி.

– தெரியும். போய் எடுத்துட்டு வா.

– கிளைவ், இதப் புடி. லைன வெச்சிடாத.

– புடிச்சிருக்கேம்ணே. மதினி? லைன்ல இருக்கியளா?

– இருக்கேன். உங்க அண்ணன் அந்தப் பையை எங்க வெச்சிருக்கார்?

– தலவாணிக்குக் கீழதான். வேற எங்க? ஒரு நாளு தீ ஒத்திகைன்னு மணி அடிச்சுது. எல்லாரும் பூட்சு, கோட்டுன்னு தடுமாறி ஓடுதோம். இவரு பனியில வந்து நிக்காரு, பூட்சு ஒத்தக் கால்ல, கையில அந்தத் துணி. என்னண்ணேன்னு கேட்டா, மூக்குத் தொடைக்கன்னாரு. யாரும் மேக்கொண்டு கேக்கல மதினி. இங்க ஒவ்வொருத்தருகிட்டயும் அப்படி ஒண்ணு கெடக்கும்.

– உன்கிட்ட என்ன இருக்கு?

– எம் மவ செருப்பு. ஒத்தச் செருப்பு. ரெண்டு வயசுல போட்டது. இப்ப அவளுக்கு ஆறு.

– நவம்பர்ல போய்ப் பாத்துடுவ.

– கப்பலு வந்து நின்னதும் மொத ஆளா ஏறிருவேன். எறக்குத சாமான எவன் வேணா எறக்கட்டும்.

– அவரு?

– அண்ணனா? மதினி, நான் சொன்னேன்னு சொல்லிராதிய. அவரு இன்னும் ஒரு வருசம் இருந்துருவாருன்னுதான் இங்க எல்லாரும் பேசுதாவ. நிலையத் தலைவரு கேட்டாச்சு. குழாயெல்லாம் இவரு கைக்குத்தான் அடங்குது. மே மாசம் ராப்பகலா ஒரு புயலு, மெயின் குழாயி வெடிச்சிட்டு. இடுப்புல கயிறக் கட்டிக்கிட்டு தவந்து போயிச் சரி பண்ணாரு. இப்படிப்பட்ட ஆள யாரு விடுவா?

– அது எனக்குச் சொல்லல அவரு.

– எதச் சொல்லல?

– கயிறக் கட்டிக்கிட்டுப் போனத. குளிர் கொஞ்சம் ஜாஸ்தின்னுதான் சொன்னார்.

– அடடா. என் வாயி… அந்தா வந்துட்டாரு. இந்தாங்கண்ணே. மதினிகிட்ட சமையலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். பைய எங்கிட்ட குடுங்க, நாங் கொதிக்க வெக்கேன்.

– இல்ல. நானே போடறேன்.

– சரிண்ணே. அந்தப் பானையில தண்ணி கொதிக்கி. குழாயவும் போட்டுட்டேன்.

– மார்னி?

– இருக்கேன்.

– போட்டுட்டேன்.

– ம்.

– மேல மிதக்குது. கரண்டியால அமுக்கறேன்.

– நெவ், தண்ணி நிறம் மாறுதா? ஓரத்துல நீல நூல்ல ஒரு தையல் இருக்கும். சாயம் போகுமோன்னு ஒரு பயம் எனக்கு.

– இல்ல. அப்படியே இருக்கு. அந்த நூலத்தான் தடவிக்கிட்டு இருப்பேன். எத்தனை தையல்னு சொல்லட்டுமா?

– வேணாம்.

– அறுபத்தி மூணு.

– வேணாம்னேன்ல.

– வீட்டுல என்ன நடக்குது? பத்து நிமிஷம் இருக்கு. ஏதாவது சொல்லு.

– என்ன நடக்கும்? ஜூன் மாசம்தானே, காலைல தோட்டமெல்லாம் வெள்ளைப் பனி. மலை மேல மேகம். நம்ம நாய் பிஸ்கட் உன் பூட்ஸ் மேலதான் படுத்திருக்கு. எழுப்பினா முறைக்குது. மத்தியானத்துக்குச் சிப்பிக்கறிய மாவுக்குள்ள வெச்சு ஸ்காலப் பை சுட்டேன், ஒரு ஆளுக்கு.

– ஒரு ஆளுக்கு அது பண்ண முடியாதே.

– ஆஸ்பத்திரியில தினமும் முன்னூறு பேருக்குச் சமைக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்கத்தான் கை வர மாட்டேங்குது. பாதி பிஸ்கட்டுக்கு.

– சமையக்கட்டுக் குழாய் சொட்டுதுன்னியே?

– நிறுத்திட்டேன்.

– யார வெச்சு?

– யாரையும் இல்ல. வாஷர் வாங்கி நானே மாத்தினேன். கூரை ஓரத்துத் தகரமும் பிடுங்கிக்கிச்சு. ஏணி போட்டு அதையும் அடிச்சிட்டேன்.

– ஏணி போட்டா? தனியாவா?

– பிஸ்கட் கீழேருந்து குலைச்சிட்டு இருந்துச்சு.

– எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?

– சொல்லி? நீ அங்கேருந்து சுத்தியல நீட்டுவியா? நீயும்தான் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுப் போனத எனக்குச் சொல்லல.

– கிளைவ்!

– நான் இங்க இல்லண்ணே. நான் புட்டப் பாக்கப் போயிட்டேன்.

– அவன விடு நெவ். பத்து நிமிஷம் ஆச்சு. எடு. குழாயையும் எடு. கைய முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. பீப்பாயோட பெரிய மூடியத் திற.

– திறந்தாச்சு.

– இப்ப மூக்கு ஓட்டை வழியா நீளக் குழாய விடு, முழுசா எறக்காத. நாலு விரல் உள்ள போனதும் நிறுத்து. பெரிய வாய் வழியாக் கைய விட்டா குழாயோட முனை தட்டுப்படும். அந்த முனையில பைய மாட்டு. கழுத்த இறுக்கிக் கட்டு. சமையல் நூல் இருக்குமே கிளைவ்கிட்ட.

– இருக்கு மதினி, புது உருண்டை. இந்தாங்கண்ணே.

– நீ புட்டப் பாக்கப் போகலியா?

– வந்துட்டேம்ணே.

– கட்டிட்டேன் மார்னி. பிளம்பர் முடிச்சு. இனி குழாயே பிஞ்சாலும் பை கழலாது.

– இப்பக் குழாய முழுசாக் கீழ எறக்கு. மூக்க முறுக்கு. மூடியச் சாத்து. கேஸத் திற. வளையத்த ஒரு தடவ தூக்கி விடு, உள்ள புகுந்த காத்து போகட்டும். ஒரு தடவதான். மோந்து பாக்காத.

– மோந்து பாக்கல.

– பாத்த.

– கொஞ்சம்.

– இப்ப குழாயத் திற. தம்ளரச் சாய்ச்சுப் பிடி.

– நுரை… நுரை… வெறும் நுரைதான் மார்னி. முழுசா நுரை.

– அது அப்படித்தான். ஊத்திட்டு அடுத்தது பிடி.

– நுரை… இரு. இரு! கறுப்பு! கறுப்பா வருது! கிளைவ், தம்ளர் கொண்டா!

– ஏயப்பா! வந்துட்டு மதினி, வந்துட்டு! தார் ரோடு மாதிரி கறுப்பு, மேல ரெண்டு விரல் நுரை! நான் போயி மணி அடிக்கேன். எல்லாவனும் ஓடி வரட்டும்!

– நெவ், போன குழாய்கிட்ட வெச்சு ஒரு தடவ ஊத்து. எனக்குக் கேக்கணும்.

– கேக்குதா?

– கேக்குது. இன்னொண்ணு ஊத்து.

– கேட்டியா?

– ம். குடிச்சுப் பாரு. எப்படி இருக்கு, உள்ளதச் சொல்லு.

– இரு.

– சொல்லேன்.

– முதல்ல கொஞ்சம் கருகின ரொட்டி ஓரம். அப்புறம் கசப்பு. நல்ல கசப்பு. கடைசியா… தெரியல மார்னி. ஷெட்டுக் கதவு தெறந்திருக்கு, நீ உள்ள இருக்க, நான் வெளிய நிக்கிறேன். அப்படி இருக்கு.

– கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும். பரவாயில்ல, இன்னைக்கே காலியாயிடும்.

– கிளைவ் போயிட்டான். கதவச் சாத்திட்டேன். மார்னி, ஒண்ணு சொல்லணும்.

– நானும் ஒண்ணு சொல்லணும் நெவ்.

– முட்டிக்கிச்சு பாரு. நீ சொல்லு.

– இல்ல, போன் பண்ணினது நீ. நீயே சொல்லு.

– தலைவர் இன்னொரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டார்.

– தெரியும்.

– கிளைவ் உளறினானா?

– கிளைவ் சொல்லித்தான் தெரியணுமா? போன வருஷமும் இப்படித்தானே. ஆகஸ்ட் மாசம், சாயங்காலம், நான் அடுப்புல கறி வெச்சிருந்தேன். “மார்னி, ஒண்ணு சொல்லணும்”னு இதே குரல். ஒரே ஒரு குளிர்காலம்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறின மனுஷன். நீ வர வேண்டிய கப்பல்லதான் உனக்குப் பெட்டி அனுப்பினேன். பரவாயில்ல நெவ். இந்தத் தடவ எனக்கு அழுக வராது. சொல்லு.

– முடியாதுன்னுட்டேன்.

– என்னது?

– இன்னைக்குக் காலைல. எழுதியே குடுத்துட்டேன். யாருக்கும் இன்னும் தெரியாது. கிளைவுக்கும் தெரியாது. நான் வரேன் மார்னி. நவம்பர் கப்பல்ல. இனிமே எங்கயும் போகல.

– நவம்பர் கப்பல்லயா?

– கேக்குதா?

– கேக்குது.

– போன வருஷம் ஏன் இருந்தேன்னு நீ கேக்கவே இல்ல. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிஞ்சிருக்காது. அதாவது… இங்க ஒரு குழாய் நின்னா அத்தனை பேரும் நெவ் எங்க, நெவ் எங்கன்னு தேடுறாங்க. அங்க எல்லாத்தையும் நீயே பண்ணிடுவ. ஏணியக்கூட என்னக் கேக்காம நீயே தூக்கிடுவ. வீட்டுல நான் ஒரு நாற்காலி மாதிரி உக்காந்திருந்தேன். அதுதான்.

– நீ இல்லாதப்ப யாரு தூக்குவா? நீ வாயத் திறந்து சொல்ல மாட்ட, நான் வாயத் திறந்து கேக்க மாட்டேன். அப்படியே ரெண்டு குளிர்காலம் போயிடுச்சு.

– அந்தக் கயிறக் கட்டிக்கிட்டுப் போனேன்ல, மே மாசம். கண்ணுக்கு முன்னாடி நீட்டின கை தெரியல. அப்ப ஒண்ணு தோணுச்சு. இங்க தேடுறவங்க குழாய்க்காரனத் தேடுறாங்க. வேற ஒருத்தன் வந்தா அவனத் தேடுவாங்க. போகட்டும். நாற்காலியாவே இருந்துட்டுப் போறேன். நீ ஏணி மேல நிக்கிறப்பக் கீழ பிடிச்சுக்கறேன். போதும்.

– நெவ், எழுதிக் குடுத்தத ஹோபார்ட் தலைமை ஆபீசுக்கு அனுப்பியாச்சா?

– காலைலயே போயிடுச்சு. என் இடத்துக்கு லான்செஸ்டன்காரர் ஒருத்தர் ஏற்கெனவே தயாரா இருக்காராம். ஏன்?

– அந்தக் கப்பல் அங்க எத்தனை நாள் நிக்கும்?

– ஐஸப் பொறுத்தது. நாலு நாள், மிஞ்சிப் போனா அஞ்சு நாள். புது ஆளுங்களையும் சாமானையும் இறக்கிட்டு, எங்கள ஏத்திக்கிட்டுத் திரும்பிடும்.

– அஞ்சு நாள்.

– மார்னி, நீ சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்.

– சந்தோஷம்தான். சத்தியமா. நெவ், நீ உக்காந்திருக்கியா?

– பீப்பாய் மேல உக்காந்திருக்கேன். எல்லாரும் கதவத் தட்டுறாங்க. சொல்லு, நீ என்னவோ சொல்லணும்னியே?

– போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன் நெவ். கிளைவுக்கு அப்புறம் அவனோட அடுப்படியில ஒரு வருஷம் சமைக்க அந்தக் கப்பல்ல வந்து இறங்கப் போறது நான்தான், இந்தத் தடவயும் நீ வர மாட்டன்னு நெனச்சுத்தான்.